மூன்று லட்சத்து அறுபதாயிரத்து முந்நூற்று அறுபது

டீ கிளாஸை இடது கையில் பிடித்துக்கொண்டு என் பைக்கின் முன்னால் குந்தினார் ஆரோக்கியதாஸ். டயரைப் பார்க்கவில்லை, பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பார்க்கவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்தார். புது வண்டி. முந்தின நாள்தான் நம்பர் வந்திருந்தது, 4913. இரண்டு மடக்கு குடிக்கும் நேரம்தான் ஆகியிருக்கும், எழுந்துவிட்டார். "பதினேழு, பதினேழு, பதினேழு. ஒரே அச்சுல மூணு அண்ணந்தம்பிக. பரவால்ல மாரப்பா, நல்ல நம்பராத்தான் வாங்கியிருக்கறே" என்றார். பதினேழு, பதினேழு, பதினேழு என்று பெருக்கினால் 4913 வருமாம். வண்டி என்ன விலை, எவ்வளவு மைலேஜ் என்று கேட்கத் தோன்றவே இல்லை அவருக்கு.

கணபதியில் எங்கள் பட்டறைக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் காலை எட்டரை மணிக்கு நடக்கும் காட்சி இது. அந்த வரிசையில் நிற்கும் ஒரு வண்டியும் அவரிடமிருந்து தப்பியதில்லை. பேக்கரிக்கார இல்யாஸ் வாங்கிய ஸ்கூட்டரின் நம்பர் 7919. அதன் முன் இரண்டு நாள் குந்தி எழுந்துவிட்டு, மூன்றாம் நாள் கூட்டத்துக்கு நடுவே தீர்ப்புச் சொன்னார்: "ஒண்டிக்கட்டைங்க தம்பி. எதுலயும் ஒடையாது." பஃப்ஸ் தட்டோடு வந்த இல்யாஸின் முகம் சிவந்துவிட்டது. "ஏனுங்ணா, கண்ணாலமாகி மூணு மாசந்தானுங்க ஆச்சு. எங்க மாமனார் வேற உள்ள உக்காந்திருக்கறாருங்க" என்றான். அவன் கல்யாணத்துக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டு வந்தவர்தான் இவர்.

ஒண்டிக்கட்டை என்றால் பகா எண். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் என்று ஆறாம் வகுப்பில் எனக்கும் சொல்லித் தந்தார்கள். நான் அதைப் பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்தேன். பத்தாம் வகுப்போடு நின்ற ஆரோக்கியதாஸ் அதைக் கையோடு கொண்டுவந்து, தன் சௌகரியத்துக்குப் பேரும் வைத்துக்கொண்டார். இரண்டு பெரிய ஒண்டிக்கட்டைகளைப் பெருக்கி வரும் எண் 'புருசன் பொண்டாட்டி'. சின்னச் சின்ன எண்களாகப் பொலபொலவென்று உடைந்துவிடுவது 'பெரிய குடும்பம்'. உலகத்தில் உள்ள எண்களெல்லாம் இந்த மூன்று வீட்டில் ஒன்றில்தான் குடியிருக்கின்றன என்பது அவர் கட்சி. சந்தேகம் கேட்டால், "நாலாவது ஊடு இருந்தா நீயே காட்டு" என்பார்.

கோயிலிலும் இதுதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாட்டு எண்களைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள் அல்லவா, சாமியார் பிரசங்கம் செய்யும்போது இவர் கண் அந்தப் பலகையில் இருக்கும். அவர் மனைவி ஜெபராணி அக்கா என்னிடம் புகார் சொன்னது: "எழுந்திரிங்க, நற்செய்தி வாசிக்கறாங்கன்னு இடிச்சா, 'மூணும் ஒண்டிக்கட்டை, ராணி'ங்கறார். பின்னால இருக்கறவிய எங்களைப் பத்தி என்ன நெனப்பாங்க." அக்காவின் ஆதார் எண்ணைப் பன்னிரண்டு இலக்கத்தோடு நாலு மாதமாக உடைத்துக்கொண்டிருக்கிறார். சாப்பாடு போடும்போது அக்கா கேட்பதுண்டு, "என்ற நம்பர் இன்னும் ஒடையலீங்களா?" இவர் நிஜமாகவே வருத்தத்தோடு, "பிடி குடுக்க மாட்டீங்குது" என்பாராம்.

இதைக் கிறுக்கு என்று முடித்துவிடலாம், அவர் தொழில் மட்டும் வேறாக இருந்தால். ஐம்பத்திநாலு வயது. அதில் முப்பது வருடமாகக் கியர் வெட்டும் மெஷின் முன்னால் நிற்கிறார். சாய்ந்த பல் வைத்த கியர் வெட்ட வேண்டுமானால், மெஷினின் பக்கவாட்டில் ஆறு சின்னச் சக்கரங்களைக் கோத்து மாட்ட வேண்டும். மேலே மூன்று, கீழே மூன்று. கீழே மாட்டுவது எல்லா வேலைக்கும் அதே மூன்றுதான். பல் எவ்வளவு சாய வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டால் ஒரு பெரிய எண் வரும். மேலே மாட்டும் மூன்று சக்கரங்களின் பல் எண்ணிக்கையைப் பெருக்கினால் அந்த எண் கிடைக்க வேண்டும். எங்கள் அலமாரியில் இருபது பல்லிலிருந்து நூறு பல் வரை சக்கரங்கள் வரிசையாகத் தொங்குகின்றன, ஒவ்வொன்றிலும் ஒன்று, கீழே மாட்டும் மூன்றில் மட்டும் இரண்டிரண்டு. கணக்கில் வந்த எண் ஒண்டிக்கட்டையாக இருந்தால் அலமாரி முழுக்கத் தேடினாலும் வழி கிடையாது. அப்போது கொஞ்சம் இப்படி அப்படி நகர்ந்து, பக்கத்து எண் எதாவது பெரிய குடும்பமா என்று பார்க்க வேண்டும். ஆக, பைக் முன்னால் குந்துவது அவருக்குக் கை பழகும் வேலை. மற்றவர்கள் காலையில் நடைப்பயிற்சி போகிற மாதிரி.

அவர் கண்டுபிடித்த குடும்பங்களெல்லாம் ஒரு பழைய டைரியில் இருக்கின்றன. அட்டையில் எண்ணெய்க் கறை படிந்து கருத்துப்போன டைரி. வரிக்கு ஒரு எண், பக்கத்தில் அதற்கான மூன்று சக்கரங்கள். ஒரு தடவை உடைத்து எழுதிவிட்டால் அதோடு அந்த எண்ணின் சோலி முடிந்தது, திரும்ப உடைக்க மாட்டார். எழுதியபடியே மாட்டுவார்.

அந்த டைரியில் அவருக்கு மிகவும் வேண்டப்பட்ட எண் 3,60,360. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். ஒன்றிலிருந்து பதினைந்து வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும், அப்படி வகுபடுகிற எண்களிலேயே மிகச் சிறியது இதுதான். "பதினஞ்சு பேர் வந்தாலும் சண்டை சச்சரவில்லாம பங்கு போட்டுக் குடுக்கும். பதினாறாவது ஆள் வந்தாத்தான் கையை விரிக்கும்" என்பார். அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அதில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்றையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டியிருக்கிறார். பன்னிரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நூற்று இருபது வந்ததாம். ஆளைவிட அவன் குடும்பம் மூணு மடங்கு பெரிசு என்று சொல்லும்போது, சொந்தத் தம்பி வீடு கட்டியதைச் சொல்கிற பெருமை அவர் முகத்தில் இருக்கும்.

பட்டறையில் இவருக்கு ஈடுகொடுக்கும் ஒரே ஆள் ஜெனிதா. இருபத்தாறு வயது, டிப்ளமோ படித்தவள், பிற்பகல் இரண்டரை மணி ஷிஃப்டில் இன்னொரு மெஷினைப் பார்க்கிறாள். இவர் டைரியைப் பார்ப்பார், அவள் போனைப் பார்ப்பாள். எண்ணைப் போட்டால் போன் உடைத்துக் கொடுத்துவிடுகிறது. அது இவருக்குப் பிடிக்காது. ஒரு நாள் அவள் டைரியைப் புரட்டிவிட்டு, "அண்ணா, 3,60,359 ஒண்டிக்கட்டைன்னு எழுதியிருக்கறீங்க. அது புருசன் பொண்டாட்டிங்ணா. நூத்தி எழுபத்திமூணு, ரெண்டாயிரத்து எண்பத்திமூணு" என்றாள். இவர் நூறுவரைதான் வகுத்துப் பார்த்திருந்தார், அலமாரியில் அதற்குமேல் சக்கரம் இல்லையே என்று. போன் சொன்னதை நம்பாமல் கையால் பெருக்கிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. "அவிய ரெண்டு பேரும் ஒரே ஊட்ல குடித்தனம் பண்ணீட்டு இருக்கறாங்க. நாம்பாட்டுக்கு ஒண்டிக்கட்டைன்னு எழுதிப்போட்டேன்" என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டைரியில் பேனாவால் அடித்துத் திருத்தியது அந்த ஒரு வரிதான்.

நான் இந்தப் பட்டறையில் பெட்டி கட்டி அனுப்புகிற வேலை பார்ப்பவன். அதனால் போன மாதம் நடந்ததை நேரில் பார்த்தேன்.

அதற்கு முன்னால் போன வருடத்துக் கதையைச் சொல்லிவிட வேண்டும். 98 பல் சக்கரம் மாட்ட வேண்டிய இடத்தில் ஆரோக்கியதாஸ் 89 மாட்டிவிட்டார். கண் மங்கியது தெரியாமல் இருந்திருக்கிறார். நாற்பது கியர் பழைய இரும்புக்குப் போனது. முதலாளி ராமாமணி அம்மா சத்தம் போடவில்லை. கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னார். பிறகு, "இன்னொரு தரம் இப்பிடி ஆச்சுன்னா மெசினை விட்டுப்போட்டு மார்க்கிங் பெஞ்சுக்கு வந்துருங்க தாஸண்ணா. கோவத்துல சொல்லலீங்க" என்றார். கோபத்தில் சொல்லியிருந்தால் மறந்துபோவார் என்று நம்பலாம். மார்க்கிங் பெஞ்சு என்றால், முடிந்துவந்த கியரில் சுத்தியலால் நம்பர் குத்துகிற இடம். எந்த நம்பரும் அங்கே உடைவதில்லை, யாரோ எழுதிக் கொடுத்ததைக் குத்த வேண்டும், அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தப் பெஞ்சு இருக்கும் பக்கமாக அவர் தண்ணீர் குடிக்கக்கூடப் போவதில்லை.

போன மாதம் வந்தது பெருந்துறைப் பக்கம் மஞ்சள் அரைக்கிற மில்லுக்குப் பதினெட்டு ஜோடி. ஜோடியில் ஒன்று இடது சாய்வு, மற்றது வலது சாய்வு. இரண்டின் சாய்வும் அச்சாக ஒன்றாக இருந்தால்தான் பல்லோடு பல் சேரும். கணக்கில் வந்த எண் 3,60,361. அது 89-ஆலும் 4049-ஆலும் ஆன புருசன் பொண்டாட்டி. எண்பத்தொன்பது அலமாரியில் இருக்கிறது, நாலாயிரத்துச் சொச்சம் பல்லுக்குச் சக்கரம் எங்கே போவது? ஒன்று நகர்ந்தால் இவருடைய பெரிய குடும்பம். மூன்றரை லட்சத்தில் ஒன்று தள்ளி நின்றால் பல்லின் சாய்வில் ஒரு வித்தியாசமும் தெரியாது. சின்னக் கியர்களை இவர் பகலில் வெட்டினார். பெரிய கியர்களை வெட்டவேண்டிய ஜெனிதாவிடம், "பெரிய குடும்பத்தையே போட்டுக்க கண்ணு" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் வெட்டி, சூளைக்குப் போய்ச் சுட்டு இறுகி வந்தன. இறுகிவிட்டால் பிறகு எந்தக் கத்தியும் அதில் ஏறாது.

வந்த மறுநாள் காலை பத்து மணி. சரக்கைச் சோதித்து அனுப்பும் லட்சுமணசாமி, இரண்டு மெஷினின் செட்டிங் கார்டுகளையும் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். "தாஸு, இதென்னய்யா? உன்ற கார்டுல அறுபது, அறுபத்தாறு, தொண்ணூத்தொண்ணு. அந்தப் புள்ள கார்டுல அறுபத்தஞ்சு, எழுபத்திரெண்டு, எழுபத்தேழு. மேல மாட்டுனதுல ஒண்ணுகூட ஒத்து வல்லியே."

ஆரோக்கியதாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கார்டைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அவருக்கு 3,60,360 என்றால் அறுபது, அறுபத்தாறு, தொண்ணூற்றொன்று. டைரியில் இருபது வருடமாக அப்படித்தான் இருக்கிறது. அந்த மூன்றும் அவள் கார்டில் இல்லை. அப்படியானால் அவள் போட்டது வேறு எண், வேறு சாய்வு. பதினெட்டு ஜோடியும் பழைய இரும்பு. மெஷினை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் வாயில் வந்தது இது: "அந்தப் புள்ள போனைப் பாத்துட்டு எதையோ மாத்திப் போட்டிருச்சுங்க."

சொன்னது லட்சுமணசாமிக்குப் போதும். ஜெனிதாவுக்குப் போன் போட்டார். காலையில் அவளுக்குச் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வகுப்பு, போன் அணைந்திருந்தது. "பதினோரு மணிக்கு அம்மா வந்துருவாங்க. வந்ததும் சொல்லித்தான் ஆகோணும். அவகிட்ட வாயால சொல்லி அனுப்புனது நீதானே, அதையும் சொல்லித்தான் ஆகோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆரோக்கியதாஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். என் பெட்டிகள் பதினெட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. நான் டீ வாங்கி வரட்டுமா என்றேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மார்க்கிங் பெஞ்சில் இவர் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன், நினைக்கவே பிடிக்கவில்லை.

பத்தே முக்காலுக்கு எழுந்தார். "தப்புன்னு மட்டும் போய்ச் சொன்னா ஆவாது மாரப்பா. எவ்வளவு தப்புன்னு சொல்லோணுமல்ல" என்றார். அலமாரிப் பக்கமிருந்து சாக்கட்டியை எடுத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் மண்டியிட்டார். எவ்வளவு தப்பு என்று பார்க்க வேறு யாராக இருந்தாலும் பெருக்கிப் பார்ப்பார்கள், அந்தப் பதட்டத்தில் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அவர் கை முதலில் உடைக்கத்தான் போகும். இடது பக்கம் தன் மூன்று சக்கரங்களையும் எழுதி, கீழே கோடு இழுத்து உடைத்தார். அறுபது: 2, 2, 3, 5. அறுபத்தாறு: 2, 3, 11. தொண்ணூற்றொன்று: 7, 13. வலது பக்கம் ஜெனிதாவின் மூன்று. அறுபத்தைந்து: 5, 13. எழுபத்திரண்டு: 2, 2, 2, 3, 3. எழுபத்தேழு: 7, 11.

கை நின்றது. இடது பக்கம் மூன்று இரண்டுகள். வலது பக்கமும் மூன்று இரண்டுகள். ஒவ்வொன்றாக வட்டம் போட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இணைத்துக்கொண்டே வந்தார். இரண்டு மூன்றுகள், ஒரு ஐந்து, ஒரு ஏழு, ஒரு பதினொன்று, ஒரு பதின்மூன்று. அந்தப் பக்கமும் ஒன்பது துண்டு, இந்தப் பக்கமும் அதே ஒன்பது துண்டு. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் கிடந்த, மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், அதிலிருந்த எண்ணெயெல்லாம் கன்னத்தில் ஏறியது. "அதே குடும்பந்தான் மாரப்பா" என்றார். "வேற வேற ரூம்ல படுத்திருக்கறாங்க. அவ்வளவுதான்." சிரிக்கத்தான் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

லட்சுமணசாமி தரையைப் பார்த்து நம்புகிற ஆள் இல்லை. ஒரு ஜோடியைச் சோதனைத் தண்டில் ஏற்றி, பல்லில் நீல மை தடவிக் கையால் சுற்றிப் பார்த்தார். மை பல்லின் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சீராகப் பதிந்திருந்தது. இன்னும் இரண்டு ஜோடி சுற்றிப் பார்த்துவிட்டு, மையைத் துடைத்துக்கொண்டே, "செரி, பெட்டியைக் கட்டு" என்றார் என்னிடம். பதினோரு மணிக்கு வந்த ராமாமணி அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார்கள். அவர் தரையில் இருந்ததைக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரே நம்பரைத்தான் ரெண்டு பேரும் ரெண்டு விதமா ஒடைச்சிருக்கறீங்களா? என்னத்துக்குங்ணா இந்தக் காலங்காத்தால என்ற ஈரக்கொலையைப் புடுங்கறீங்க" என்று சொல்லி, நெஞ்சைத் தடவிக்கொண்டே மாடிப்படி ஏறினார். மார்க்கிங் பெஞ்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஆரோக்கியதாஸ் அப்படி நினைக்கவில்லை. பெட்டி கட்டும்போது பக்கத்தில் வந்து நின்றார். "என்ற பேரைக் காப்பாத்தறதுக்கு அந்தப் புள்ள தலையில போட்டுப்போட்டேன் பாத்தியா" என்றார். பதட்டத்தில் வந்த வார்த்தைதானே அண்ணா என்றேன். "பதட்டத்துலதான் உள்ள இருக்கறது வெளிய வரும்" என்றார். அவரை அவ்வளவு சின்ன ஆளாக நான் பார்த்ததில்லை.

மதியம் தரையைத் துடைக்க நாச்சியம்மாள் வாளியோடு வந்தாள். இவர் ஓடிப்போய் மறித்தார். "இந்த எடம் மட்டும் சித்தெ இருக்கட்டுங்கக்கா. ரெண்டரைக்கு மேல தொடச்சுக்கலாம்." இரண்டு ஸ்டூலைக் கொண்டுவந்து சாக்கட்டி எழுத்தின் இரண்டு பக்கமும் போட்டார். தள்ளுவண்டிக்காரன் வந்தபோது சுற்றிப் போகச் சொன்னார். சாப்பாட்டு டப்பாவைப் பேக்கரிக்குக் கொண்டுபோகாமல், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அங்கேயே சாப்பிட்டார்.

ஜெனிதா இரண்டு இருபதுக்கு வந்தாள். ஸ்டூல்களைப் பார்த்து நின்றாள். ஆரோக்கியதாஸ் எழுந்து நின்று, லட்சுமணசாமிக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "கண்ணு, காலைல நீ தப்பா மாட்டீட்டேன்னு சொல்லிப்போட்டேன். நீ மாட்டுனது செரிதான். நாந்தான் பாக்காம சொல்லீட்டேன்."

அவள் குனிந்து இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "வேற எப்பிடிங்ணா மாட்டுவேன்? அறுபது, அறுபத்தாறு, தொண்ணூத்தொண்ணு மூணும் உங்க மெசின்லயே தொங்குச்சு. உங்க செட்டிங்கை யாரும் கழட்டக்கூடாதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கறீங்க. கீழ மாட்டறதுலதான் அலமாரில ரெண்டு ரெண்டு இருக்குது, மேல மாட்டறதுல ஒண்ணொண்ணுதான். போனும் அதே மூணைத்தான் காட்டுச்சு. பொறவு நானே பென்சில்ல ஒடைச்சு, மிச்சம் இருக்கற சக்கரத்துல சேத்து மாட்டுனேன்."

எல்லோரும் திரும்பி அவர் மெஷினைப் பார்த்தோம். தொண்ணூற்றொன்று இன்னமும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. லட்சுமணசாமி தன் மேசைக்குப் போய்விட்டார்.

ஆரோக்கியதாஸ் ஸ்டூல் இரண்டையும் ஓரமாக நகர்த்தினார். நாச்சியம்மாளின் வாளியிலிருந்து ஈரத்துணியை எடுத்துப் பிழிந்து, மறுபடியும் மண்டியிட்டார். இடது பக்கம் இருந்த தன் மூன்று சக்கரங்களின் கணக்கை மட்டும் துடைத்தார். நடுவில் இணைத்திருந்த கோடுகள் வரை வந்து நிறுத்தி, துணியை மடித்து வாளியில் போட்டுவிட்டு, வலது பக்கம் இருந்த ஜெனிதாவின் கணக்கை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு தன் மெஷினுக்குப் போனார்.